இன்ஜின் ஆயிலுக்கு மட்டும்தான் தேதியா?

பழைய கார் வைத்திருக்கிற யாரிடமாவது, "கடைசியா எப்போ இன்ஜின் ஆயில் மாத்தினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் கணக்கோடு பதில் வரும். "பவர் ஸ்டீரிங் ஆயில்?" என்று கேட்டால், "அதை எதுக்குங்க மாத்தணும், குறைஞ்சா ஊத்திக்க வேண்டியதுதான்" என்பார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

முதலில் ஒரு விஷயம். இப்போது வருகிற கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்டீரிங்குக்கு உதவுவது மின்சார மோட்டார். அவற்றில் ஆயிலே கிடையாது. நான் சொல்வது குவாலிஸ், அக்சென்ட் மாதிரி ஆயில் பம்ப் வைத்த பழைய வண்டிகளை. நம்ம திருவண்ணாமலையில் வாடகைக்கு ஓடுகிற பழைய வண்டிகளிலும் இந்த வகை உண்டு.

இந்த ஆயிலுக்கு நம்ம ஊரில் வேலை அதிகம். வண்டி வேகமாகப் போகும்போது ஸ்டீரிங் பம்புக்குப் பெரிய சுமை இல்லை. நின்ற இடத்திலோ, ஊர்ந்து போகும்போதோ ஒடித்தால்தான் சுமை. பௌர்ணமி அன்று வண்டியை ஓரங்கட்டவும் திருப்பவும் எத்தனை முறை ஒடிக்க வேண்டியிருக்கிறது என்று டிரைவர்களுக்குத் தெரியும். முழுசாக ஒடித்துப் பிடித்தால் அழுத்தம் 80 பார் அளவுக்குக்கூடப் போகும். கார் டயரில் இருக்கும் காற்றே சுமார் 2 பார்தான்! அந்தச் சூட்டில் ஆயில் கருகும், சீல் இறுகும், ரப்பர் டியூப் உள்ளே உரிந்து துகளாகும். அந்தத் துகளைத்தான் பம்ப் திரும்பத் திரும்பச் சுற்றி விடுகிறது. குறைந்ததற்கு மேலே ஊற்றினால் அழுக்கு எங்கே போகும்?

அடுத்தது, எந்த ஆயில்? கடையில் "சிவப்பு ஆயில்" என்று கேட்டு வாங்குவதுதான் வழக்கம். குவாலிஸ் போன்ற டொயோட்டா வண்டிகளுக்கு அது சரி. அவற்றுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். ஆயில்தான். ஆனால் ஹோண்டா தன் வண்டிக்குத் தனி ஆயில் கேட்கிறது. அக்சென்டுக்கு பி.எஸ்.எஃப். 3. சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிற ஆயில். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள், ஆயில் டப்பா மூடியையும் கையேட்டையும் படியுங்கள். இன்னொன்று: டெக்ஸ்ரான் 3-க்கு ஜெனரல் மோட்டார்ஸ் லைசென்ஸ் கொடுப்பது 2006-ஓடு முடிந்துவிட்டது. இன்று டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் அது தயாரிப்பாளர் தானாகச் சொல்லிக்கொள்வது. அதனால் தெரிந்த கம்பெனி ஆயிலாக வாங்குவது நல்லது. பிரேக் ஆயிலை மட்டும் மறந்தும் ஊற்றாதீர்கள். அது கிளைக்கால் வகை. ஸ்டீரிங் சீல்களை ஊத வைத்துக் கெடுத்துவிடும்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. முன் சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டேண்டில் நிறுத்துங்கள். டப்பாவுக்குத் திரும்பி வரும் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். டப்பாவில் அந்த ஓட்டையை அடையுங்கள். இன்ஜின் ஓடாமலே ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகச் சுற்றினால் பழையது வெளியே வரும். ஒருவர் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டப்பா காலியானால் காற்று புகுந்துவிடும். சுத்தமான ஆயில் வந்ததும் டியூபை மாட்டி, மறுபடி சில முறை சுற்றிக் குமிழி அடங்கிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 2 லிட்டர் தாராளம். டியூபைக் கழற்றப் பயமா? சிரிஞ்சால் டப்பாவில் உள்ளதை உறிஞ்சிப் புதுசு ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி இதையே மூன்று நான்கு தடவை செய்யலாம்.

"பழைய வண்டியில் ஆயிலை மாத்தினா ஒழுக ஆரம்பிச்சிடும்" என்று ஒரு வாதம் உண்டு. அது முழுப் பொய் இல்லை. ஆனால் மாற்றிய பிறகு ஒழுகுகிற சீல் ஏற்கெனவே போன சீல்தான். அது வீட்டு வாசலில் தெரிவது நல்லதா, போளூர் தாண்டி ஜமுனாமரத்தூர் ஏறும் கொண்டை ஊசி வளைவில் தெரிவது நல்லதா? அங்கே ஆயில் தீர்ந்தால் ஸ்டீரிங் திரும்பும், ஆனால் சட்டென்று கல்லாகக் கனக்கும். பின்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயிலில் இரும்புத் தூள் மின்னினால் பம்ப் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புது ஆயில் அதைக் காப்பாற்றாது. அதனால்தான் அந்த நிலைக்கு முன்பே மாற்றச் சொல்கிறேன். ஆயில் சில நூறு ரூபாய். ரேக்கும் பம்பும் பல ஆயிரம், அதுவும் சவாரி இல்லாத நாட்களைக் கணக்கில் சேர்க்காமல். கம்பெனி வேறு கணக்கு சொல்லாவிட்டால், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பது என் கட்சி.

எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். 2016 விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. கேனில் அடைத்து, பழைய ஆயில் சேர்த்து வைக்கும் மெக்கானிக் ஷெட்டில் கொடுத்துவிடுங்கள்.

இன்று வண்டியை எடுக்கும் முன் டப்பா மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கருப்பாக இருந்தால் அடுத்த பௌர்ணமி வரை தள்ளிப் போடாதீர்கள்.