அடகுச் சீட்டும் முதுமாணி ஆய்வேடும்

உயிலங்குளம் என்றதும் எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடிதான். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் ஓமந்தை, முகமாலை ஆகியவற்றோடு சேர்த்து உச்சரிக்கப்பட்ட பெயர் அது. பயணப் பையை இறக்கி, திறந்து காட்டி, மறுபடி ஏற்றிக்கொண்டு அடுத்த தரப்பின் பகுதிக்குள் போன இடம். அந்தச் சாவடியைச் சூழ வயல்கள் இருந்தன என்பதை நாங்கள் அப்போது எழுதிய செய்திகளில் தேடினாலும் காண்பது கடினம். கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிக் காலபோகம் விதைக்கும் பூமி அது. நெல்லைப் பற்றி எழுத எங்களுக்கு அப்போது நேரம் இருக்கவில்லை.

அந்த ஊர் இளைஞர் ஒருவர் சில காலத்துக்கு முன்னர் என்னைத் தேடி வந்தார். வங்கி ஒன்றில் பணி. நிதியியலில் முதுமாணிப் படிப்பு. பாடங்கள் யாவற்றிலும் சித்தியடைந்துவிட்டார். எஞ்சியிருந்தது, மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ்த் தனியாகச் செய்து முடிக்க வேண்டிய ஆய்வு மட்டுமே. அதற்கு இரண்டு தடவை காலநீடிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது தடவை கேட்பதற்கான கடிதத்தின் மொழிநடையைத் திருத்தித் தரும்படிதான் வந்திருந்தார். கடிதத்தைத் திருத்துமுன் ஆய்வேட்டைக் காட்டும்படி கேட்டேன். தயங்கித் தயங்கி எடுத்துத் தந்தார்.

தலைப்பு, கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் மூலதனக் கட்டமைப்புக்கும் இலாபத்தன்மைக்கும் இடையிலான தொடர்பு. முதல் அத்தியாயம் முழுமையாக இருந்தது. இரண்டாவதில், பிறர் எழுதிய கட்டுரைகளின் சுருக்கம் அரைவாசி வரை வந்து நின்றுவிட்டது. மூன்றாவதில் தலைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"தம்பி, இந்த ஆய்வில் உமக்கு அறிய வேண்டியது என்ன?" என்று கேட்டேன்.

"அப்பிடி ஒண்டும் இல்லை ஐயா. தரவு லேசா எடுக்கலாம் எண்டுதான்..."

இந்தப் பதில்தான் என்னை இதை எழுதத் தூண்டியது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஆய்வுப் பகுதியுடன் கூடிய முதுமாணிப் பட்டம் 10 ஆம் மட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு உரியது. பட்டத்தின் கால்வாசியை, விடை தெரிய வேண்டும் என்ற ஆவல் சிறிதும் இல்லாத ஒரு கேள்வியோடு கழிப்பது எவராலும் இயலாது. பகல் முழுவதும் வங்கியில் இருந்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குக் கணினியைத் திறக்கும் மனிதரை அந்த மேசைக்கு இழுத்து வரும் ஏதோவொன்று கேள்விக்குள் இருக்க வேண்டும். பாடங்களுக்கு நேர அட்டவணையும் பரீட்சைத் திகதியும் உண்டு. தனி ஆய்வுக்கு அவை இல்லை. ஆய்வேட்டை முடிக்காதவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லும் விரிவுரையாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர், மாணவர் கொண்டுவந்த தலைப்பு அவருடையதுதானா என்று முதல் நாளில் கேட்டிருப்பார்கள்?

பட்டியலிடப்பட்ட கம்பனிகளை ஆராய்வது வீண் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. கொழும்பில் நிதி நிறுவனம் ஒன்றில் இருப்பவருக்கு அது வீட்டுக் கேள்வி. உயிலங்குளத்துக் கமக்காரரின் மகனுக்கு அது ஊர்க் கேள்வியும் அல்ல, வீட்டுக் கேள்வியும் அல்ல. ஆண்டறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன, மென்பொருளில் இட்டால் பிற்செலவுப் பகுப்பாய்வு வந்துவிடும் என்பதுதான் அத்தலைப்பின் ஒரே கவர்ச்சி. எளிதாக வந்த தலைப்பு எளிதாகவே கைவிடப்பட்டது.

பேச்சை ஊர்ப்பக்கம் திருப்பினேன். இவ்வருட விதைப்பு எப்படி என்று கேட்டேன். அம்மாவின் சங்கிலி வழக்கம்போல் ஐப்பசியில் அடகுக்குப் போய்விட்டது என்றார். நெல் விற்றதும் பங்குனியில் மீளும். மீளாவிட்டால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். அவருடைய வங்கியிலும் அதே மாதங்களில்தான் அடகுக் கருமபீடத்தில் வரிசை நீளும். அதே மாதங்களில்தான் குறையும். வீட்டில் மகனாகவும் வங்கியில் உத்தியோகத்தராகவும் ஒரே விடயத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, அது நிதியியல் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை!

அது நிதியியல்தான். 2013 ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை சரிந்தபோது இலங்கை வங்கிகளின் அடகுக் கடன்கள் எவ்வளவு ஆட்டம் கண்டன என்பது அவ்வங்கிகளின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் இரசாயன உர இறக்குமதித் தடை வந்து, நவம்பரில் கைவிடப்பட்டிருந்தது. உரமில்லாமல் குறைந்த விளைச்சல், ஏறிய வட்டி, அடகில் இருக்கும் சங்கிலி ஆகிய மூன்றும் ஒரே வீட்டுக்குள் சந்தித்த காலம் அது. எந்தக் குடும்பம் நகையை மீட்டது, எது திருப்பி வைத்தது, எது ஏலத்துக்கு விட்டுக்கொடுத்தது, ஏன்? இதைவிடக் கூர்மையான முதுமாணிக் கேள்வி என் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

மாணவரைச் சொந்த ஊருக்கு அனுப்பி ஆராயச் சொல்வது புதுமையான யோசனையும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் செய்து காட்டப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதற் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் சிலேட்டர், 1916 இல் தம் மாணவர்களிடம் வினாக்கொத்தைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் கிராமத்தை ஆராய்ந்து வரும்படி பணித்தார். நிலம் யாரிடம், கடன் யாரிடம், கூலி எவ்வளவு என்றெல்லாம் எழுதி வந்தார்கள். 1918 இல் அது நூலாயிற்று. இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் என்று அந்நூலில் வரும் கிராமங்களை 1936, 1937 ஆம் ஆண்டுகளில் பி. ஜே. தோமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் மறுபடி ஆராய்ந்தார்கள். இருவேல்பட்டில் 2008 வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து போனார்கள். இத்தனைக்கும் அடித்தளம் விடுமுறைக்கு வீடு சென்ற மாணவர்களின் குறிப்புகள். அவர்களிடம் கணினியும் இல்லை, தரவுத்தளமும் இல்லை. யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

வங்காளதேசத்தின் முகமது யூனுஸ் கதை அனைவரும் அறிந்தது. சிட்டகாங் பல்கலைக்கழகத்தின் அயலில் இருந்த ஜோப்ரா கிராமத்தில் 1976 இல் 42 பேருக்குத் தேவைப்பட்ட கடன் மொத்தம் 856 டாக்கா என்று கண்டது, வகுப்பறையை விட்டு வெளியே வந்து கேட்டதால்தான். (அந்த விதையிலிருந்து முளைத்த நுண்கடன், பிற்காலத்தில் எங்கள் ஊர்களில் வாரத் தவணைக்காக வாசலில் வந்து நின்றது வேறு கதை. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் பொகோஸ்லாவ்ஸ்கி, 220 சதவீதம் வரையிலான வட்டி பற்றிக் குறிப்பிட்டார். அவ்வாண்டிலேயே வடக்கு உள்ளிட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்து, வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் விதித்தது.)

அந்த நாட்களில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட எங்கள் செய்தி அறையில் ஆள் இருக்கவில்லை. உதாரணத்துக்கு, 50,000 ரூபா கடன், ஆண்டுக்கு 24 சதவீதம் வட்டி, 52 வாரத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,000 ரூபா. வாரம் ஏறக்குறைய 1,192 ரூபா. கேட்பவருக்கு 24 தான் காதில் விழும். ஆனால் முதலின் ஒரு பகுதி ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போய்விடுவதால், ஆண்டு முடியும் வரை 50,000 ரூபா கடன்காரரின் கையில் இருப்பதில்லை. குறைந்து வரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் வட்டி ஏறக்குறைய 44 சதவீதம். உரக்கடையின் கடனிலும் இதே சூட்சுமம் உண்டு. ரொக்கத்துக்கு 9,000 ரூபாவான மூட்டை, அறுவடைக் கடனுக்கு 10,000 என்றால், நான்கு மாதத்துக்கு 11 சதவீதம், ஆண்டுக்கு 33. அங்கே வட்டி என்ற சொல்லே உச்சரிக்கப்படுவதில்லை. நிதியியல் முதுமாணி ஒருவர் ஊருக்குப் பயன்படக்கூடிய இடம் இதுதான்.

அவர் தலைப்பை மாற்றினார். மேற்பார்வையாளரை நான் குறை சொல்லப்போவதில்லை. புதிய யோசனையைக் கேட்டதும் நிராகரித்துவிடுவார் என்று இருவரும் அஞ்சினோம். அவரோ இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டார். உமது வங்கியின் பதிவேட்டைத் தொடாமல் இதைச் செய்ய முடியுமா? அயலவர் சொன்னதை அடுத்த அயலவர் அடையாளம் காணாதபடி எழுத முடியுமா? இரண்டும் நியாயமான கேள்விகள். வாடிக்கையாளரின் கணக்கை அவர் அனுமதியின்றி ஆய்வேட்டில் ஏற்றுவது நம்பிக்கைத் துரோகம். ஆகவே அவர் கருமபீடத்தை விட்டு எழுந்து, சனி ஞாயிறுகளில் வீடு வீடாகப் போனார்.

போன முதல் நாளே வினாக்கொத்து தோற்றது. "உங்களுக்குக் கடன் உண்டா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் இல்லை என்றார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் மொழியில் கடன் என்பது மனிதரிடம் வாங்குவது. நகை வங்கியில் "இருக்கிறது", அவ்வளவுதான். அடகு, கடன் என்ற கணக்கில் சேர்வதில்லை. இதைக் கேட்டதும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொழும்பில் அச்சடித்த வினாக்கொத்துடன் வந்துபோன எத்தனை கணக்கெடுப்புகள் அந்த "இல்லை"யை அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கும்! அவர் கேள்வியை மாற்றினார். "நகை இப்போது வீட்டிலா, வங்கியிலா?" என்று கேட்டார். அதன் பின்னர் பதில்கள் வந்தன, தேநீரும் வந்தது.

எழுதி முடிப்பது பற்றி நான் சொல்லிக்கொடுத்தது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த ஒன்றைத்தான். கையில் பக்கமில்லாமல் ஆசிரியரின் அறைக்குள் போகக்கூடாது. மாணவர் பலர் மேற்பார்வையாளரைத் தவிர்ப்பது வெட்கத்தால். காட்ட ஒன்றுமில்லை என்று ஒரு மாதம் போகாமல் விடுவார்கள். அடுத்த மாதம் அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்து வெட்கப்படுவார்கள். இரண்டு பக்கம், பிழையோடு இருந்தாலும், கொண்டுபோனால் அவருக்குத் திருத்த ஏதோ இருக்கும். திருத்துவதில் எந்த ஆசிரியருக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு. நானும் அந்தச் சாதிதான்.

பல்கலைக்கழகங்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. மன்னாருக்கு அண்மையில், வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணத்திலும் வணிகமும் முகாமைத்துவமும் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகின்றன. வன்னியின் குளங்களும் வயல்களும் மீன்வாடிகளும் சூழ இருக்க, நிதியியல் மாணவரின் ஆய்வு ஏன் திரும்பத் திரும்பக் கொழும்பின் பங்குப் பட்டியலுக்கே போக வேண்டும்? நான் புரட்டிப் பார்த்த ஆய்வேடுகளில் கம்பனிகளின் பெயரையும் ஆண்டையும் மாற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும் போலிருந்தவை கொஞ்சமல்ல. பெரிய மாதிரியைக் கண்டால்தான் பரீட்சகர் மதிப்பார் என்ற அச்சமே காரணம் என்கிறார்கள். அந்த அச்சத்தைப் போக்க வேண்டியவர்கள் மாணவர்கள் அல்லர்.

அவருடைய வாய்மொழிப் பரீட்சை நடந்து முடிந்தது. பரீட்சகர்கள் சில திருத்தங்கள் கேட்டார்கள். மாதிரி சிறியது என்ற குறையை மறைக்காமல் இன்னும் தெளிவாக எழுதும்படி சொன்னார்கள். அட்டவணை ஒன்றில் மாதங்கள் மாறியிருந்தன. திருத்திக் கட்டிய பிரதியோடு ஒரு மாலை வந்தார். கறுப்பு மட்டை, பொன் எழுத்து, உள்ளே முழுவதும் ஆங்கிலம். புரட்டிப் பார்த்துவிட்டு, இதைத் தமிழில் நான்கு பக்கமாக எழுதி உங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்புக்குக் கொடுக்கலாமே என்றேன்.

"எழுதுறன் ஐயா," என்றார். "விதைப்பு முடியட்டும். அப்பாவோட வயலில நிக்கிறன்."