புது அட்டை வேலை செய்யும்வரை பழைய அட்டை: குழந்தைகளின் காப்பீட்டு மாற்றம் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

தமிழ்நாட்டில் வசதியற்ற குடும்பத்துக் குழந்தைக்குப் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் செலவை ஏற்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் தொடங்கப்பட்ட கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் இடத்தில் 2012 ஜனவரியில் இது வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாய், இப்போது 1,20,000. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் மூன்றும் சரியாக இருந்தால் குழந்தையும் குடும்ப அட்டையில் சேர்ந்துவிடும்.

1,20,000 ரூபாய் என்பது மாதத்துக்குப் பத்தாயிரம். கோவை மாவட்டத்தின் மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை வட்டாரத்தில் வீட்டில் ஒருவருக்கு நிலையான மில் வேலை கிடைத்தாலே இந்த வரம்பைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. அதே வேலையோடு தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் வருகிறது. பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்ட, குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் கிடைக்கிறது. சம்பளம் 21,000ஐத் தாண்டினால் அதுவும் நின்று, கம்பெனி எடுத்துத் தரும் குழுக் காப்பீடுதான் மிச்சம், அதுவும் கம்பெனி எடுத்திருந்தால். ஆக, ஒரு குழந்தை வளர்ந்து வருவதற்குள் பெற்றோரின் சம்பளச் சீட்டைப் பொறுத்து இரண்டு முறை காப்பீடு மாறிவிடக்கூடும். நான்கைந்து பேரை மட்டும் வைத்து நடக்கும் பாக்கு மண்டியிலோ உருளைக்கிழங்கு மண்டியிலோ தகப்பன் வேலை செய்து, வருமானம் வரம்பைத் தாண்டியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

பெற்றோரின் காப்பீட்டுக்குக் குழந்தை மாறுவதை இந்த அறிக்கையை வெளியிடும் அமைப்பு எதிர்க்கவில்லை. பல வகையில் இ.எஸ்.ஐ. மேலானது: சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது, புறநோயாளிக்கும் மருந்து உண்டு, உடல் அல்லது மனக் குறைபாட்டால் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வயதுக் கணக்குப் பார்ப்பதில்லை. கோவைத் தொழிலாளர்கள் 1955 முதல் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். மாறும் முறைதான் சரியில்லை. பழைய அட்டை வருமான வரம்பால் செல்லாமல் போகும் நாளும், புதிய காப்பீடு உண்மையிலேயே வேலை செய்யத் தொடங்கும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த இடைவெளியின் செலவைக் குழந்தை தன் உடம்பால் கட்டுகிறது.

இ.எஸ்.ஐ.யில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே சாதாரண மருத்துவம் உண்டு. ஆனால் இதய அறுவைச் சிகிச்சை போன்ற உயர் சிறப்பு சிகிச்சை குடும்பத்தாருக்கு வேண்டுமென்றால், தொழிலாளி குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். இதயத்தில் ஓட்டையோடு பிறந்து அறுவைக்குத் தேதி வாங்கிய குழந்தையின் தாய் அந்த மாதம் மில்லில் சேர்ந்தால், கையில் இரண்டு அட்டை இருந்தும் தேதி நழுவ இடமுண்டு. ஆஸ்பத்திரியும் மாறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ரயிலில் போனால் கோவை ஜங்ஷனிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டத்தில்தான். இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருப்பதோ சிங்காநல்லூர்ப் பக்கம். இன்னொரு பஸ் ஏற வேண்டும், இன்னொரு டாக்டரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

காது கேளாத குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் காக்ளியர் கருவி பொருத்துவதை முதலமைச்சர் திட்டம் ஏற்கிறது; பல லட்சம் ரூபாய் ஆகும் சிகிச்சை இது. ஆனால் கருவி பொருத்திய அன்றே குழந்தைக்குப் பேச்சு புரிந்துவிடாது. பயிற்றுநர் தம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ‘பால்’ என்கிறார். உதட்டைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டு, எதிரிலிருக்கும் டம்ளரைக் குழந்தை எடுக்க வேண்டும். பக்கத்தில் அம்மா மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பாள். இப்படி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போகும். இந்த நடுவில் தகப்பனுக்கு நல்ல வேலை கிடைத்துக் குழந்தை கம்பெனிக் காப்பீட்டுக்கு மாறினால், அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால் மட்டுமே பணம் தரும்; பயிற்சிக்குத் தராது. அறுவைக்குக் கொடுத்த பணத்தின் பலன் பயிற்சியில்தான் இருக்கிறது என்பதால், தொடங்கிய சிகிச்சையைத் தொடங்கிய திட்டமே முடித்துக் கொடுக்க வேண்டும். வருமானம் எவ்வளவு கூடினாலும் இதில் விலக்கு இருக்கக் கூடாது என்பதே அமைப்பின் உறுதியான கருத்து.

தகுதி மாறியதும் காப்பீட்டை உடனே வெட்டிவிடாத வழக்கம் நமக்குப் புதிதல்ல. இ.எஸ்.ஐ.யிலேயே அது இருக்கிறது. மே மாதம் சம்பளம் 21,000ஐத் தாண்டினாலும் செப்டம்பர் 30 வரை தொழிலாளி சந்தாதாரராகவே தொடர்கிறார். அந்தச் சந்தாவுக்குரிய பலன் காலம் அடுத்த ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை போகிறது. தொழிலாளிக்குக் கொடுத்திருக்கும் இந்த அவகாசத்தை மாநிலத் திட்டமும் குழந்தைக்குக் கொடுக்கலாம். குடும்ப வருமானம் வரம்பைக் கடந்த நாளிலிருந்து 12 மாதம் குழந்தையின் காப்பீடு தொடர வேண்டும். அந்தக் காலத்தில் பெற்றோரின் காப்பீடு முதலில் செலவை ஏற்கட்டும். அது ஏற்காததை மாநிலத் திட்டம் ஏற்கட்டும். அமெரிக்காவில் அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் உள்ள குழந்தைகளுக்கு 2024 ஜனவரி முதல் 12 மாதத் தொடர் தகுதி சட்டப்படியே உண்டு. அங்கே குழந்தை அரசுக் காப்பீட்டை இழந்தால், பெற்றோரின் கம்பெனிக் காப்பீட்டில் சேர்க்க 60 நாள் அவகாசம் தரவேண்டும் என்று 2009இல் சட்டம் செய்தார்கள்.

இங்கே குழுக் காப்பீட்டில் வேலைக்குச் சேரும்போதோ, குழந்தை பிறந்ததும் சில வாரங்களுக்குள்ளோ பெயர் கொடுக்காவிட்டால், பொதுவாக அடுத்த புதுப்பித்தல்வரை காத்திருக்க வேண்டியதுதான். குழந்தை அரசுத் திட்டத்தில் இருக்கிறது என்று நம்பிப் பெயர் கொடுக்காமல் விட்ட பெற்றோர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அரசுக் காப்பீட்டை இழப்பதையும் பெயர் சேர்ப்பதற்குரிய காரணமாகக் குழுக் காப்பீடுகளில் எழுதிவைக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட வேண்டும். வேலையில் சேர்க்கும் நாளிலேயே, குழந்தை இருக்கிறதா, எந்தக் காப்பீட்டில் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வது மில் அலுவலகத்துக்குப் பெரிய வேலையல்ல.

குழுக் காப்பீடும் இல்லாதவர்கள் சொந்தமாகப் பாலிசி எடுத்தால், முன்பே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். 2024 ஏப்ரலுக்கு முன்பு இது நான்கு ஆண்டு. ஒரு தனியார் கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் காத்திருந்த ஆண்டுகளைக் கழித்துக்கொள்ளும் வசதி 2011 முதல் இருக்கிறது. முதலமைச்சர் திட்டத்தில் ஐந்தாண்டு இருந்த குழந்தைக்கு அந்தக் கழிவு நடைமுறையில் இல்லை. அரசுத் திட்டத்தில் கழிந்த ஆண்டுகளும் ஆண்டுகள்தான்; அவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தாத்தா பாட்டியின் ரேஷன் கார்டில் பெயர் இருக்கும் பிள்ளைகள், பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகள் ஆகியோருக்கு, புதிய கார்டில் பெயர் ஏறும்வரை பழைய கார்டின் காப்பீடே செல்லும் என்று அறிவித்தால் போதும். அதுவரை பெற்றோர் தாமாகப் போய்ப் பெயரை நீக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ அல்லது செவித்திறன் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகலைப் பழைய ஆஸ்பத்திரியில் வாங்கிவைத்த பிறகே புதிய இடத்துக்குப் போவது நல்லது.

வேலை போனால் குழந்தை எதிர்த்திசையில் வர வேண்டியிருக்கிறது. கம்பெனிக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அன்றைக்கு அந்தக் குடும்பத்திடம் போன வருடச் சம்பளத்தைக் காட்டும் தாள்கள்தான் இருக்கும். வி.ஏ.ஓ. வழியாகப் புதிய வருமானச் சான்று வாங்கி, மறுபடியும் கலெக்டர் அலுவலகம் போய்ப் பதிய வேண்டும். ஆகவே வரம்பைத் தாண்டிய குழந்தையின் பழைய அட்டை எண்ணை அழிக்காமல் நிறுத்திவைக்க வேண்டும் என்று அமைப்பு கோருகிறது. வேலையிலிருந்து நின்ற கடிதத்தைக் காட்டிய அன்றே, மேட்டுப்பாளையம் தாலுகா அலுவலகத்திலேயே அந்த எண் மறுபடி உயிர்பெற வழி செய்ய வேண்டும்.