கிரீஸ் படிந்த சீருடை

தாராவியின் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய மெக்கானிக் பட்டறைகளில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த பையனிடம் உடனே ஸ்பானரைக் கொடுத்துவிட மாட்டார்கள். டீ வாங்கி வர வேண்டும், டீசலில் பாகங்களைக் கழுவ வேண்டும், நட்டுகளை அளவுவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் காது வாய்க்கச் சில வருடங்களாவது ஆகும்.

ஒரு பழைய வேனுக்கே இப்படியென்றால், 40 டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கிக்கு?

ராணுவத்தில் இந்த வேலைக்கென்றே இருப்பது 1943இல் தோன்றிய இ.எம்.இ. எனப்படும் மின் மற்றும் இயந்திரப் பொறியியல் படைப்பிரிவு. இதில் சிப்பாயின் பதவிப் பெயரே 'கிராஃப்ட்ஸ்மேன்', அதாவது கைவினைஞன். செயலே தர்மம் என்பது பிரிவின் தாரக மந்திரம். குடியரசு தின அணிவகுப்பில் கைதட்டல் டாங்கிக்குக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய ராத்திரி அதன் அடியில் படுத்துக் கிடந்தவரை யாரும் பார்ப்பதில்லை.

வரலாறும் அவரை ஓரமாகத்தான் வைத்திருக்கிறது. 1948இல் லடாக்குக்குப் போகும் வழியான ஜோஜிலா கணவாய் எதிரியின் பிடியில் இருந்தது. டாங்கிகளை மேலே கொண்டுபோவது என்று தளபதி திம்மையா முடிவெடுத்தார். வழியிலிருந்த பலவீனமான பாலங்கள் பாரம் தாங்காது. எனவே ஸ்டூவர்ட் ரக டாங்கிகளின் சுழல் மேற்கூடுகளைக் கழற்றித் தனியாக ஏற்றிச் சென்று பிறகு பூட்டினார்கள். பால்டாலிலிருந்து மேலே போன கழுதைப் பாதையை டாங்கி ஏறும் அளவுக்கு அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்கள். நவம்பர் 1 அன்று 11,000 அடிக்கு மேலே டாங்கிகள் வந்து நின்றதும் எதிரி திகைத்துப் போனான். கழற்றிப் பூட்டிய கைகள் ஒரு போல்ட்டில் தவறியிருந்தால் அந்தத் திகைப்பு நம் பக்கம் வந்திருக்கும்.

1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றிலும் கரும்புக் காட்டிலும் சிக்கின. அழிந்தவையும் பிடிபட்டவையும் பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தப்பட்டன. 'பேட்டன் நகர்' என்றே அந்த இடத்துக்குப் பெயர் வந்தது. பேட்டன் டாங்கிகளை இன்று அகமதுநகர் டாங்கி அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்கள், சேற்றிலிருந்து அவை தாமாக நடந்து வரவில்லை என்பதை யோசிப்பதில்லை.

அதே 1965இல்தான் ஆவடியில் முதல் 'விஜயந்தா' உருவானது. பிறகு டி-72, அர்ஜுன் என்று வரிசை நீண்டது. ஒவ்வொன்றும் மெக்கானிக்குக்கு ஒரு புதுப் பாடம். அர்ஜுனில் எஞ்சினும் கியர் பகுதியும் ஒரே தொகுப்பாக வெளியே வந்துவிடும். டி-72இல் தனித்தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும், வேலை மணிக்கணக்கில் இழுக்கும். ராஜஸ்தானில் காற்று வடிகட்டியை மணல் அடைக்கும். கிழக்கு லடாக்கில் குளிர் பேட்டரியையும் எண்ணெயையும் முடக்கும். இதையெல்லாம் கையேட்டில் படிக்கலாம். கை பழகுவது வேறு விஷயம்.

இங்கேதான் 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இடிக்கிறது. பயிற்சியையும் சேர்த்து மொத்தம் நான்கு ஆண்டுப் பணி. பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேர் மட்டுமே ராணுவத்தில் தொடரலாம். படையின் சராசரி வயது குறைய வேண்டும் என்கிறது அரசு. மலையேறும் காலாட்படைக்கு அது நியாயமான வாதம். ஆனால் மெக்கானிக்கின் மதிப்பு வயதோடு ஏறுவது. பட்டறைக் கணக்கில் சொன்னால், பையன் காது பழகும் நேரத்தில் அவனை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கியது. அவர்களுக்கு நான்கு ஆண்டு நிறைவது 2027 தொடக்கத்தில். தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு 25 என்ற உச்சவரம்பைத் தளர்த்துவதில் தவறில்லை. வெளியே வருபவர்களின் கையில், வங்கிகளும் தொழிற்சாலைகளும் காவலாளி வேலைக்கு மேல் மதிக்கும்படியான தொழில் சான்றிதழ் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் டாங்கி எஞ்சினைக் கழற்றிய இளைஞன், செம்பூரில் ஏதாவதொரு குடியிருப்பின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வந்து போகும் கார்களின் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பான்.

இழப்பு அவனுக்கு மட்டுமில்லை. பழுதான டாங்கி எல்லையில் நிற்கும்போது, அதன் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் ஆள் அங்கே இருக்க வேண்டும். தாராவிப் பட்டறை முதலாளிக்குத் தெரிந்த இந்தக் கணக்கு தில்லிக்குத் தெரியாமல் இருக்காது.