அவன் இல்லாமலே பிஸ்கட்!

"எங்கள் வீட்டில் அவன் இல்லையே, நான் எப்படி பிஸ்கட் செய்வேன்?" என்று ஒரு சகோதரி அங்கலாய்த்தால் பக்கத்து வீட்டு மாமி திடுக்கிட வேண்டியதில்லை. அந்த 'அவன்' கணவர் அல்ல. கேக்கும் பிஸ்கட்டும் சுடுகிற மின்சார அடுப்பு! அதை வாங்கப் பணமோ, வைக்க இடமோ இல்லாத வீடுகள் எத்தனையோ. போகட்டும், அவன் இல்லாமலே செய்யக்கூடிய பிஸ்கட்டுகளும் 'பார்'களும் இருக்கின்றன.

1939-ல் அமெரிக்காவில், பாட்டில் கிரீக் என்ற ஊரிலுள்ள கெல்லாக் கம்பெனியில் மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரு பெண்மணிகள், உருக்கிய மார்ஷ்மெல்லோ மிட்டாயில் அரிசிப் பொரியைக் கிளறித் தட்டில் கொட்டி, ஆறியதும் துண்டு போட்டார்கள். அந்தப் பண்டம் அந்நாட்டுக் குழந்தைகளின் செல்லமாகிவிட்டது. நமக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். நம் பொரி உருண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கைதானே இது! 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் இதே குடும்பம்தான். பாகு பதம் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தக் கலை புதிதல்ல.

முதலில் ஓட்ஸ் பிஸ்கட். ஒரு கப் சர்க்கரை, கால் கப் பால், கால் கப் வெண்ணெய், 3 மேஜைக்கரண்டி கோக்கோ, ஒரு சிட்டிகை உப்பு இவற்றை அடி கனமான பாத்திரத்தில் போட்டு நிதானமான தீயில் கிளறுங்கள். ஓரத்தில் மட்டும் குமிழி வந்தால் கொதி அல்ல. நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். அப்போதிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக 1 நிமிஷம். உடனே இறக்கி, தோல் நீக்கி எண்ணெய் கக்க அரைத்த வறுத்த வேர்க்கடலை விழுது கால் கப், அரை டீஸ்பூன் வெனிலா, பொடி ஓட்ஸ் ஒன்றரைக் கப் சேர்த்துக் கிளறி, நெய் தடவிய தட்டில் கரண்டி கரண்டியாக வையுங்கள். அரை மணியில் இறுகிவிடும்.

இறுகாமல் போனால் "எனக்குக் கைராசி இல்லை" என்று கண் கலங்குகிறவர்கள் உண்டு. ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கொதி குறைந்தால் தண்ணீர் வற்றாமல் பிசுபிசுக்கும். கூடினால் சர்க்கரை பூத்து உதிரும். கடிகாரத்தை நம்பாதவர்கள் பாட்டி வழியில் போகலாம்: குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மெத்தென்று உருட்ட வரவேண்டும். தவறிவிட்டாலும் பண்டம் வீணல்ல. பிசுபிசுத்ததைத் தட்டில் அழுத்தி ஃபிரிட்ஜில் வைத்து வில்லை போடுங்கள். உதிர்ந்ததில் ஒரு கரண்டி சூடான பால் தெளித்து லட்டாகப் பிடியுங்கள். எந்தக் குழந்தையும் குற்றம் சொல்லாது!

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அவனில் வைக்காத பண்டம்தானே என்று பச்சை மைதாவையோ கோதுமை மாவையோ இதில் கலந்துவிடாதீர்கள். மாவில் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும். நன்றாக வெந்தால்தான் அவை அழியும். ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வெந்து வருவதால் அந்தக் கவலை குறைவு. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினால், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளோடு பங்கிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

அடுப்பே மூட்ட வேண்டாம் என்பவர்களுக்குப் பேரீச்சம்பழ 'பார்'. கொட்டை நீக்கிய பழம் 200 கிராம். காய்ந்திருந்தால் வெந்நீரில் 10 நிமிஷம் ஊறவைத்து நன்றாக வடித்துவிடுங்கள். அதை மிக்ஸியில் மசித்து, ஒன்றிரண்டாகப் பொடித்த வறுத்த முந்திரி, வேர்க்கடலை 100 கிராமும், வறுத்த எள் 2 மேஜைக்கரண்டியும் பிசைந்து, நெய் தடவிய தட்டில் அரை அங்குலக் கனத்துக்கு அழுத்துங்கள். ஃபிரிட்ஜில் 1 மணி நேரம் வைத்து நீள நீளமாக வெட்டலாம். "சர்க்கரையே போடவில்லையே!" என்று நீரிழிவுக்கார மாமனார் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினால் மட்டும் ஜாக்கிரதை. பழத்திலேயே வேண்டிய இனிப்பு இருக்கிறது.

மழை நாளில் ஓட்ஸ் பிஸ்கட் ஈரம் இழுத்துக்கொள்ளும். ஆறியதும் இறுக்கமான டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். பாகு ஒட்டிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால் தேய்ப்பது வெகு சுலபம். அவ்வளவு சுலபமான வேலையைத் தாராளமாக 'அவரி'டம் விட்டுவிடலாம்!