தரப்புள்ளியும் படிக்கல்லும்

சர்வகலாசாலைப் பரீட்சை முடிவுகள் வெளிவருந்தோறும் நமது ஜில்லாவின் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "எத்தனை மார்க்கு?" என்பதே. பிள்ளை கொண்டுவந்து காட்டும் பத்திரத்தின் அடியிலோ, தகப்பனார் எதிர்பார்த்த எண் இல்லை. 7.5 என்றோ 6.5 என்றோ ஒரு சிற்றெண் நிற்கிறது. அதற்குச் சி.ஜி.பி.ஏ. என்று பெயர், தமிழில் திரள் தரப்புள்ளிச் சராசரி எனலாம். உத்தியோகமும் மேற்படிப்பும் இந்த எண்ணைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகின்றன. ஆயினும் இதனைக் கணக்கிடும் விதத்தை அறிந்தோர், பட்டம் பெற்றவர்களிலேயே எத்தனை பேர்?

தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுக்குத் திரி கிள்ளியும் ஈட்டிய கூலியில் பிள்ளைகளைக் கலாசாலைக்கு அனுப்பும் குடும்பங்கள் நிறைந்தது இந்த ஜில்லா. விருதுநகரிலும் சிவகாசியிலும் கலைக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. பொறியியற் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தாமே பரீட்சை நடத்துகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகும் பிள்ளைக்கு இவற்றையெல்லாம் வீட்டில் எடுத்துச் சொல்வார் யார்? ஆதலின் இதனை விளக்குவது பத்திரிகையின் கடமையெனக் கருதுகிறோம்.

பல்கலைக்கழக மானியக் குழு தனது விருப்பப் பாடமுறையில் வகுத்த அளவுகோலின்படி, மிக உயர்ந்த தரத்திற்கு 10 புள்ளி, அடுத்தடுத்த தரங்களுக்கு 9, 8, 7, 6, 5, தேர்ச்சி மாத்திரம் பெற்றவனுக்கு 4, தவறியவனுக்குச் சுழியம். ஒவ்வொரு பாடத்திற்கும் கிரெடிட் என்னும் கனமும் உண்டு. வாரத்தில் பல மணி நேரம் கற்பிக்கப்படும் பாடத்திற்குக் கனம் அதிகம். சிறு பாடத்திற்குக் குறைவு. பட்டாசு மருந்தில் வெடியுப்பும் கந்தகமும் சம எடையில் சேர்வதில்லை என்பதைச் சிவகாசித் தொழிலாளி நன்கறிவார். பாடங்களும் அவ்வாறே.

ஓர் உதாரணம் காண்போம். 4 கிரெடிட் பாடத்தில் ஒரு மாணவன் 8 புள்ளியும், 3 கிரெடிட் பாடத்தில் 6 புள்ளியும், 1 கிரெடிட் செய்முறைப் பாடத்தில் 10 புள்ளியும் பெறுகிறான். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 8 வரும். ஆனால் அது சரியான கணக்கன்று. கனத்தால் பெருக்கினால் 32, 18, 10 ஆக 60. மொத்தக் கனமாகிய 8ஆல் வகுக்க, வருவது 7.5. சிறு பாடத்தில் முழுப் புள்ளி பெற்றுப் பெரும் பாடத்தை அசட்டை செய்பவன் எங்கே நஷ்டப்படுகிறான் என்பது இதிலிருந்து விளங்கும். செமஸ்டர்களின் சராசரிகளைக் கூட்டி வகுப்பதும் இதே காரணத்தால் பிழையாகலாம். ஒவ்வொரு செமஸ்டரின் கனமும் ஒன்றாக இருப்பதில்லை.

இம்முறையில் நன்மையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. 72 பெற்றவனுக்கும் 74 பெற்றவனுக்கும் உள்ள பேதம் பெரும்பாலும் திருத்துவோரின் பேனாவில் உள்ளதேயன்றி மாணவர்களின் அறிவில் உள்ளதன்று. இருவரையும் ஒரே படியில் நிறுத்துவது நியாயமே. ஆனால் 71 முதல் 80 வரை 8 புள்ளி என்னும் அட்டவணையில், 71க்கும் 80க்கும் பேதமில்லை. 80க்கும் 81க்குமோ முழுப் புள்ளி பேதம். ஒற்றை மார்க்கின் கொடுங்கோன்மை ஒழியவில்லை; எல்லைக் கோட்டில் போய் உட்கார்ந்து கொண்டது.

இதனினும் பெரிய அநீதி, புள்ளியைச் சதவீதமாக மாற்றும்போது நேர்கிறது. உத்தியோக விளம்பரங்கள் பலவும் இன்னும் 60 சதவீதம் வேண்டுமென்றே கேட்கின்றன. மாற்றுவது எப்படி? 10ஆல் பெருக்குவது ஒரு வழக்கம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2010 முதல் 2017 வரை பத்தாம் வகுப்புத் தேர்வில் தரப்புள்ளி வழங்கியபோது 9.5ஆல் பெருக்கச் சொல்லிற்று. கர்நாடகத்தின் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 0.75ஐக் கழித்து 10ஆல் பெருக்கும் விதி வழங்கியிருக்கிறது. 6.5 பெற்ற மாணவனை இம்மூன்று விதிகளாலும் அளந்து பாருங்கள். முதல் விதிப்படி அவனுக்கு 65; இரண்டாவதன்படி 61.75, மூன்றாவதன்படி 57.5. மாணவன் ஒருவன், உழைப்பு ஒன்று. இரண்டு வாசல்கள் அவனுக்குத் திறக்கின்றன. மூன்றாவது வாசல் அடைபடுகிறது!

மூன்று விதிகளுமே காரணமற்றவை அல்ல. 8 புள்ளி என்பது ஓர் எண்ணன்று. 71 முதல் 80 வரையுள்ள ஒரு படி. முதல் விதி அப்படியின் உச்சியாகிய 80ஐத் தருகிறது. இரண்டாவது ஏறக்குறைய நடுவாகிய 76ஐத் தருகிறது. மூன்றாவது அடிவாரத்தை ஒட்டிய 72.5ஐத் தருகிறது. மார்க்கைப் புள்ளியாக்கியபோதே அசல் மார்க்கு மறைந்துபோயிற்று. மறைந்ததை எந்தச் சூத்திரமும் மீட்டுத் தராது. ஊகித்துச் சொல்வதையே நாம் சதவீதமென்று பெயரிட்டு அழைக்கிறோம். அந்த ஊகத்தின்மேல் ஓர் இளைஞனின் ஜீவனத்தை நிறுத்துவது தகுமா?

வியாபாரத்தால் வளர்ந்தது விருதுநகர். மிளகாயும் மல்லியும் பருப்பும் எண்ணெயும் நிறுத்தும் அளந்தும் விற்ற ஊர் இது. ஊருக்கொரு படியும் சந்தைக்கொரு மரக்காலுமாக இருந்த குழப்பத்தை ஒழிக்க, 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் தேசமெங்கும் மெட்ரிக் அளவைக் கொண்டுவந்தது. மிளகாய் வற்றலுக்குச் செய்த நீதியை மாணாக்கரின் உழைப்புக்குச் செய்ய நமக்கு மனம் வரவில்லையா? எடைக்கல்லில் முத்திரையின்றி வியாபாரம் செய்தால் குற்றம். சூத்திரம் இன்னதென்று சொல்லாமல் ஒருவனை நிராகரித்தால் அது குற்றமில்லையோ?

நாம் கேட்பவை அதிகமல்ல. மதிப்பெண் பத்திரத்தின் பின்புறத்தில் தர அட்டவணை, பாடங்களின் கனம், சதவீதமாக மாற்றும் விதி ஆகிய மூன்றும் தமிழிலும் அச்சாக வேண்டும். தேசம் முழுமைக்கும் ஒரே விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு நிர்ணயிக்க வேண்டும். அதுவரையில், பட்டம் அளித்த சர்வகலாசாலையின் விதியையே உத்தியோகம் அளிப்போர் ஒப்புக்கொள்ள வேண்டும். புள்ளியாகவே வாங்கிக்கொண்டு சதவீதத்தைக் கேளாதிருப்பின் இன்னும் உத்தமம். கலாசாலைகளும் முதற் செமஸ்டரின் முதல் வாரத்திலேயே இக்கணக்கை மாணாக்கருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு எதுவுமில்லை.

மாணாக்கருக்கும் ஒரு வார்த்தை. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923ஆம் ஆண்டில் அதனைச் சிவகாசியில் நிறுவிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும், வெளியிலிருந்து வந்த தொழிலின் மர்மம் முழுவதையும் கற்ற பின்னரே அதற்கு எஜமானர்களானார்கள். தரப்புள்ளியும் நமக்கு வெளியிலிருந்து வந்ததே. அதன் கணக்கை அறியாதவன் அதற்கு அடிமை. அறிந்தவன், தனக்கு நேரும் பிழையைச் சுட்டிக் காட்டி நியாயம் கேட்க வல்லவன். நமது பிள்ளைகள் இரண்டாவது வகையினராக விளங்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.