பட்டைக் குறியீடு மட்டும் போதுமா?

சோப்பு உறையில் கறுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். கருவி அவற்றைப் படித்ததும் பொருளின் பெயர் தெரிந்துவிடுகிறது. உயிரினங்களையும் இவ்வாறே ஒரு குறியீட்டால் இனங்காணலாம் என்று 2003-ஆம் ஆண்டில் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் எடுத்துரைத்தனர்.

அந்தக் குறியீடு எங்கே இருக்கிறது? உயிரணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவில். அங்குள்ள சி.ஓ.1 என்னும் ஜீனில் சுமார் 650 எழுத்துகள் கொண்ட துண்டைப் படிக்கிறார்கள். ஓர் இனத்துக்குள் இவ்வெழுத்துகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். இனம் மாறினால் பல இடங்களில் மாறியிருக்கும்.

இதன் பயன் பெரிது. இந்தியாவில் நால்வகை உடும்புகள் வாழ்கின்றன. நான்கையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. ஆனால் தோலுரித்துத் துண்டு போட்ட இறைச்சியை 'ஆட்டுக்கறி' என்று ஒருவர் சாதித்தால் என்ன செய்வது? 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில், அதிர்ஷ்டம் தரும் வேர் என்று சொல்லி விற்கப்படுவது உண்மையில் ஆண் உடும்பின் உலர்ந்த உறுப்பு! இந்தப் பொய்களை ஒரு சிறு திசுத் துண்டே உடைத்துவிடும்.

இனி ஆய்வுக்கூடம் போதும், காட்டில் அலைந்து செதில் எண்ணுவானேன் என்று சிலர் கேட்கலாம். அது தவறு என்பது என் கருத்து.

ஏன்? கருவி எழுத்துகளைத்தான் படிக்கும், பெயரைச் சொல்லாது. முன்பே சரியாக இனங்காணப்பட்ட விலங்கின் குறியீட்டோடு ஒப்பிட்டால்தான் பெயர் கிடைக்கும். முதலில் பெயரிட்டவர் தவறினால், பின்னால் வருவோர் அனைவரும் தவறுவார்கள். மேலும், மைட்டோகாண்ட்ரியா பொதுவாகத் தாயிடமிருந்தே வருகிறது. பிரேசில் கடற்கரையில் அழுங்காமையும் பெருந்தலை ஆமையும் கலந்து பிறந்த கலப்பினங்கள் உண்டு. அவற்றின் குறியீட்டைப் படித்தால் தாயின் இனம் மட்டுமே தெரியும், தந்தை மறைந்துவிடுவார்.

கட்டுவிரியனின் முதுகு நடுவில் பெரிய அறுகோணச் செதில்கள் வரிசையாக உள்ளன. அதைப் போலத் தோன்றும், நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுக்கு அவை இல்லை. இதைக் கண்டு சொன்னது உற்று நோக்கிய கண்தான்.

ஆகவே குறியீட்டைக் கற்போம்; கண்ணையும் பழக்குவோம். பாம்பைத் தொடாதீர்கள், அருகிலும் செல்லாதீர்கள். அருங்காட்சியகத்துக்குச் சென்று, கண்ணாடிச் சாடிக்குள் இருக்கும் பாம்பின் முதுகை உற்றுப் பாருங்கள். நாளை சரியான பெயரை எழுதப் போகிறவர் உங்களில் ஒருவராக இருக்கலாம் அல்லவா?