நடுவர் நாற்காலியும் மனச்சான்றும்

நடுவுநிலைமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நாமோ இன்று 'நடுவர்' என்னும் சொல்லுக்குப் புதுப்பொருள் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறோம்: அழைத்தவர் மனம் கோணாமல் அமர்ந்திருந்து, பொன்னாடை பெற்று விடைபெறுபவரே நடுவர் என்கிறோம். திரைப்பட விழாக்களில் நடுவராக அமரும் கலைஞர்களையும் திறனாய்வாளர்களையும் பற்றி இறைமக்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எது உண்மை, எது உயர்ந்தது என்று நம் பிள்ளைகளுக்கு இன்று சொல்லித்தருவோருள் அவர்களும் இருக்கின்றனர். ஆதலால் கவலைப்படத்தான் வேண்டும்.

2022 நவம்பர் 28 அன்று கோவாவில், 53ஆவது இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் நிறைவு நாளில் நடந்ததை நினைவுகூர்வோம். நடுவர் குழுத் தலைவராக இருந்தவர் இஸ்ரேல் நாட்டு இயக்குநர் நதவ் லாபித். போட்டியில் இடம்பெற்ற 15 படங்களுள் ஒன்றான 'த காஷ்மீர் ஃபைல்ஸ்' வெறும் பரப்புரைப் படம், இத்தகைய விழாவிற்குத் தகாதது என்று அவர் மேடையிலேயே கூறினார். மறுநாளே இந்தியாவிலிருந்த இஸ்ரேல் தூதர் நவோர் கிலோன் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். விருந்தினரைக் கடவுளாகப் போற்றும் நாட்டின் அழைப்பை லாபித் தவறாகப் பயன்படுத்திவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. குழுவிலிருந்த ஒரே இந்தியரான சுதிப்தோ சென், அது லாபித்தின் தனிக்கருத்து என்று விலகிக்கொண்டார். ஏனைய மூவரும் சில நாள்களில் தலைவரின் பக்கம் நின்றனர்.

காஷ்மீரத்துப் பண்டிதர்கள் 1990ஆம் ஆண்டையொட்டிப் பட்ட துயரம் மெய்யானது. அதை மறுப்பவன் கிறிஸ்தவன் அல்லன். லாபித்தும் அதை மறுக்கவில்லை. பாதிக்கப்பட்டோர் மனம் புண்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்பதாகப் பின்னர் கூறினார். ஆனால் படத்தைப் பற்றிய தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. துயரம் மெய் என்பதாலேயே அதைச் சொல்லும் படமும் மெய் என்றாகிவிடாது. இவ்விரண்டையும் பிரித்தறியவே நடுவர் ஒருவரை நியமிக்கிறோம்.

விருந்தினர் வாதத்தையும் சற்று ஆராய்வோம். விருந்தோம்பல் தமிழருக்குப் புதிதன்று. ஆனால் உண்ண அழைக்கப்பட்டவரும் தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்டவரும் ஒருவரல்லர். அரசர்கள் முதல் நூலின் 22ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆகாபு அரசன் போருக்குப் போகலாமா என்று வினவியபோது ஏறக்குறைய நானூறு இறைவாக்கினர் ஒரே குரலில் வெற்றி உறுதி என்றனர். இம்லாவின் மகன் மீக்காயாவை அழைக்கச் சென்ற தூதன், "மற்றவர்களைப் போல நீரும் இதமாகச் சொல்லிவிடும்" என்னும் பொருள்பட அறிவுரை கூறினான். மீக்காயா உண்மையைச் சொன்னார், கன்னத்தில் அறை வாங்கினார், சிறை புகுந்தார். அந்த நானூறு பேரின் பெயர்ப்பட்டியலை இன்று யார் தேடுகிறார்கள்?

நம் நாட்டிலும் மீக்காயாக்கள் இல்லாமலில்லை. 2017ஆம் ஆண்டு இதே கோவா விழாவின் இந்தியப் பனோரமாப் பிரிவுக்கு நடுவர்கள் தேர்ந்தெடுத்த 'எஸ் துர்கா', 'நியூட்' ஆகிய இரு படங்களைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நீக்கியது. குழுத் தலைவர் சுஜாய் கோஷ் பதவி விலகினார். அபூர்வா அஸ்ரானி, கியான் கொரெயா ஆகியோரும் விலகினர். அப்படங்கள் நமக்கு உவப்பானவையா என்பது வேறு கேள்வி. தம் கையெழுத்திட்ட தீர்ப்பை வேறொருவர் திருத்தும்போது நாற்காலியைவிட மனச்சான்றே பெரிதென்று இம்மூவரும் காட்டினர்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் 69ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. கோவாவில் பரப்புரை எனத் தள்ளப்பட்ட அதே படம், தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதைப் பெற்றது. அதே விருதுகளில் 'ஜெய் பீம்' ஒன்றையும் பெறவில்லை. காவல் நிலையச் சித்திரவதையையும் இருளர் மக்களின் கண்ணீரையும் சொன்ன அப்படம், பழைய தென்னார்க்காட்டு மண்ணில் 1993இல் நிகழ்ந்த உண்மை வழக்கொன்றைத் தழுவியது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் பணியை அறிந்தவர்களுக்கும், விழுப்புரம் சுற்றுவட்டாரத்துச் செங்கல் சூளைகளில் குடும்பம் குடும்பமாக உழைப்போரைக் கண்டவர்களுக்கும் அது வெறும் கதையன்று. 'ஜெய் பீம்' படத்திற்கு விருது கொடுத்தே தீரவேண்டும் என்று நான் வாதிடவில்லை, கலைக்குறைகள் இருக்கலாம். நீதிமன்றம் தன் தீர்ப்புக்குக் காரணம் எழுதுகிறது. நடுவர் குழுவோ வென்றவரைப் புகழ்ந்து நாலு வரி எழுதுகிறது. மற்றவை ஏன் தள்ளப்பட்டன என்று நாம் அறிவதில்லை. காரணம் சொல்லப்படாத தீர்ப்பின்மீது ஐயம் விழுவது இயல்பே.

கதை இத்துடன் முடியவில்லை. கோவாவில் விலகி நின்ற சுதிப்தோ சென் 2023இல் 'த கேரளா ஸ்டோரி' என்னும் படத்தை வெளியிட்டார். 32,000 பெண்கள் மதமாற்றப்பட்டனர் என்ற கூற்றுக்கு ஆதாரபூர்வமான தரவு இல்லை என்னும் அறிவிப்பைச் சேர்ப்பதாக அவ்வாண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் தயாரிப்பாளர் தரப்பு ஒப்புக்கொண்டது. 2025 ஆகஸ்டில் அப்படத்திற்காகவே அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. விருதளித்தோரைக் கண்டிக்கும் முன் நாம் தலைகுனிய வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. 2024 ஏப்ரலில் இடுக்கி மறைமாவட்டம் மறைக்கல்வி மாணவருக்கு அதே படத்தைத் திரையிட்டது. பிள்ளைகளை எச்சரிப்பதே நோக்கம் என்றார்கள். நோக்கம் நல்லதாயிருக்கலாம், ஆனால் அயலார்மீது பொய்ச்சான்று சொல்லாதே என்பதும் மறைக்கல்விதானே? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இஸ்லாமியச் சகோதரர்களோடு ஒரே தெருவில் வாழும் நாம், அவர்களைப் பற்றிய பொய்யை நம் பிள்ளைகளின் உள்ளத்தில் விதைத்துவிட்டு எந்த முகத்தோடு அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவோம்?

இதைவிட உயர்ந்த மரபு திருச்சபைக்கு உண்டு. 1928இல் தொடங்கப்பட்ட அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு உலக விழாக்களில் தன் நடுவர் குழுக்களை அமர்த்தியது. 2001 முதல் சிக்னிஸ் அமைப்பு அப்பணியைத் தொடர்கிறது. 1968இல் வெனிஸ் நகரில் பசோலினியின் 'தியோரமா' படத்திற்குக் கத்தோலிக்க நடுவர்கள் பரிசளித்தபோது திருப்பீடத்திலிருந்தே கண்டனம் எழுந்தது. அவர்கள் கணிப்பு சரியா தவறா என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால் மேலிடத்தைக் குளிர்விக்க அவர்கள் தீர்ப்பு எழுதினார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. 1956இல் கான் விழாவில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' சிறந்த மனித ஆவணம் என்னும் பரிசைப் பெற்றது. வங்காளத்து ஏழைக் குடும்பம் ஒன்றின் வாழ்வில் அந்நிய நாட்டு நடுவர்கள் மனிதரைக் கண்டார்கள்.

பொதுநிலையினரே, நீங்களும் நடுவர்களே. கைப்பேசியில் வரும் படத்துண்டை அன்பியக் குழுவுக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் நீங்கள் தீர்ப்பு வழங்குகிறீர்கள். அனுப்புமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது உண்மையா? இதில் அயலாரின் மாண்பு காக்கப்படுகிறதா? இது யாரை மகிழ்விக்க எடுக்கப்பட்டது? பங்குத் திருவிழா நாடகப் போட்டிக்கு நடுவர் தேடும்போது நன்கொடையாளரைத் தேடாதீர்கள். தீர்ப்புக்குக் காரணம் சொல்லத் துணிந்தவரைத் தேடுங்கள். நம் பங்கு மேடையில் நேர்மையைப் பழகாத நமக்கு, கோவாவையும் தில்லியையும் நோக்கி நேர்மை கேட்கும் உரிமை இல்லை.